காலணாக் கார்டு

கம்பத்துக்குத் தெற்கே, அந்தோணிமுத்துவின் களத்தில் வெயில் ஏறுகிறது. அவருக்கு வந்த காலணாக் கார்டைத் தபால்காரர் சவரியப்பன் உரக்க வாசிக்கிறார். "தாங்கள் சுகமா? தங்கள் மானாவாரிக் காட்டை விற்க மனமிருந்தால் மதுரைக்கு ஒரு வரி எழுதவும்." கூலிக்குச் சோளம் புடைக்கும் வியாகுலமேரியின் கையில் முறம் நின்றுபோகிறது. போன மாதம் அவளுக்கு வந்த கார்டிலும் இதே வார்த்தைகள்தான். புருஷன் செத்தபின் அவளைச் சுகமா என்று கேட்டவர் கார்டு எழுதிய அந்த மதுரை வியாபாரி ஒருவர்தான். அப்படி விசாரித்த மனுஷரிடம் பேரம் பேசக் கூசி, சொன்ன விலைக்கே காட்டைக் கொடுத்துவிட்டாள். அந்தோணிமுத்து சிரிக்கிறார். "மலையக் குடைஞ்சு பெரியாத்துத் தண்ணி வரப்போகுதுல்ல, காட்டு விலை ஏறும், அதான் ஊருக்கே எழுதுறாக. சுகமாம்ல சுகம்." மலைப்பக்கம் வெடிச்சத்தம் அதிர்ந்து அடங்குகிறது. சோளத்தூசி வெயிலில் மிதக்கிறது. அவள் மடியிலிருந்து நாலாக மடிந்த தன் கார்டை எடுத்துத் தபால்காரரிடம் நீட்டுகிறாள். "இதையும் ஒருக்கா வாசிங்கண்ணே." "அதேதான் தாயி இதுலயும் இருக்கு." "தெரியும். பேரை மட்டும் வாசிங்க." சவரியப்பன் அந்தோணிமுத்துவைப் பார்க்காமல் கார்டைப் பிரிக்கிறார். "வியாகுலமேரியம்மாள் அவர்களுக்கு." களத்துக்கு அப்பால் கிடக்கும், தான் விற்ற காட்டைப் பார்த்தபடியே அவள் அதைக் காதுகொடுத்துக் கேட்கிறாள்.