கடை வாசல்

“உங்க கம்பெனி கை வச்சதும் எங்க வீடியோ கேம் நாசமாப் போச்சு அத்தான்! போர்க்களத்துக்கு நடுவுல எவனாவது கடை திறப்பானா? வாளுக்குக் காசு, குதிரைக்குக் காசு!”

ஆபீஸிலிருந்து வந்த அக்கா புருஷன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் மச்சினன் பிடித்துக்கொண்டான்.

“அடுத்த பாகத்துல போர்க்களமே கிடையாதுடா. முழுக்கக் கடைத்தெருதான். இன்னிக்கு மீட்டிங்ல முடிவாயிடுச்சு.”

அவனுக்கு ரத்தம் கொதித்தது. “யாரைக் கேட்டு?”

“யாரையும் கேக்க மாட்டாங்க. விளையாடுறவங்க எங்க அதிக நேரம் நிக்கிறாங்கன்னு கம்ப்யூட்டர் சொல்லிடும். எல்லாரும் அந்தக் கடை வாசலே கதின்னு கிடக்கிறாங்களாம்.”

“மானங்கெட்டவனுங்க! எவன் அங்க போய் நிக்கிறான்?”

உள்ளேயிருந்து அக்கா கத்தினாள்: “நீயும் உன் கூட்டாளிங்களும்தான்டா! அந்தக் கடைக்காரனை உதைக்கிறதுக்குன்னே தினமும் மணிக்கணக்கா வரிசை கட்டி நிக்கிறீங்களே!”