போகவர டிக்கெட்

என் கணவர் இளம்பரிதி வெளிநாட்டுப் பணியில் இருந்தபோது இறந்தார். பணி முடிந்து திரும்பும் அதிகாரிக்கு நம் அரசும், விடுப்பில் வந்து போகிறவருக்கு அந்த நாட்டு அரசும் பயணச் செலவு தரும். எது என்பதைத் தூதரகத்துக் கணினி இயந்திரமே தீர்மானிக்கும்.

அவருடன் வேலை பார்த்த சம்யுக்தா தூதரகத்திலிருந்து போனில் பேசினாள்.

“அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்ப ஆபீஸ்ல ‘போயிட்டு வரேன்’னு சொல்லியிருக்கார். அதனால லீவுன்னு எழுதிடுச்சு.”

“நம்மூர்ல யாரும்மா ‘போறேன்’னு சொல்லுவாங்க?”

“நானும் சொன்னேன்க்கா. சாவுக்கு அதுல இடமே இல்லையாம். போகவர டிக்கெட்தான் போட்டிருக்கு.”

பெட்டி வந்தது. திரும்பிப் போக வேண்டியவர் என்பதால் எரிக்க அனுமதியில்லை. நான்காம் நாள் விமான நிலைய வண்டியில் ஏற்றினார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் நான்கு நாள் வந்து போகிறார். கொள்ளி வைக்க வேண்டிய எங்கள் மகனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.