நான்காவது வாளி

குழாய்க்கு இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

காலை மாற்றி மாற்றி நின்றேன். தார்ச்சாலை இளகிக் கிடந்தது, செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. பொறிவண்டுகள் கூட்டமாக வந்து கழுத்தில் உட்கார்ந்து கடித்தன. எழுபத்தாறாம் வருஷத்துக் கோடையில் இங்கிலாந்தின் டெவன் வட்டாரம் முழுக்க அதுகளுக்கும் தாகம்.

தம்பி நைஜல் கைக்குழந்தையாக இருந்தபோது படுத்த தள்ளுவண்டியில் நான்கு வாளிகளை அடுக்கிக் கொண்டுவந்திருந்தேன். வீடுகளுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டுத் தெருமுனையில் ஒரு குழாயை நட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு வாளி. அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, நைஜலுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று.

அம்மா வீட்டில் இல்லை.

போய் மூன்று வாரம் ஆகிறது. ஒரு சனிக்கிழமை காலை, வாசலில் இருக்கும் பால் புட்டிகளை உள்ளே எடுத்து வை, வெயிலில் திரிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனவள்தான்.

இது தெருவில் யாருக்கும் தெரியக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். கேட்டால், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, மாடியில் படுத்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். நல்லவேளையாக அந்த வெயிலில் எல்லா வீட்டிலும் பகல் முழுக்கத் திரைச்சீலை மூடித்தான் இருந்தது. விஷயம் வெளியே போய்விட்டால் அவளே நினைத்தாலும் இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது என்றார் அப்பா.

ஆகவே நான்காவது வாளி. அது ஒருநாள் குறைந்தாலும் அம்மா திரும்பி வர மாட்டாள் என்று பத்து வயதில் நான் நம்பினேன்.

கொண்டுபோன அந்த வாளியை அப்பா யாரையும் தொடவிட மாட்டார். மாடிப்படியின் உச்சியில் தட்டுப் போட்டு மூடி வைத்திருப்பார். மறுநாள் காலையில் அவரே தூக்கிப்போய் பீன்ஸ் கொடிக்கு ஊற்றுவார்.

"நாலு வாளியா?" என்றார் முன்னால் நின்ற கிழவர் ஹென்வுட். "உங்கப்பன் குளிக்கக்கூடச் செய்யறானா என்ன? பக்கத்துல நின்னா அப்படித் தெரியலையே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வழக்கம்போல ஒவ்வொருவராக, அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். தேவலை என்றேன். தேவலை, தேவலை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

கேட்காதவர் ஒருவர்தான். எனக்குப் பின்னால் நின்ற எதிர்வீட்டு மிஸஸ் டாலின். மூன்று வாரமாக அவர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்ன கல்நெஞ்சம் என்று எனக்கு அவர்மேல் ஒரே ஆத்திரம்.

அன்றைக்குக் குழாயடியில் புதிதாக ஒருவன், கையில் பட்டியலோடு நின்றான். தண்ணீர் இன்னும் குறைகிறதாம். வீட்டுக்கு எத்தனை தலை என்று எழுதி, பெரியவர்களிடம் கையெழுத்து வாங்க வந்திருந்தான். அது காதில் விழுந்ததும் ஓடிவிடலாம் போலிருந்தது. தள்ளுவண்டியை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது?

என் முறை வந்தது.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"நாலு."

அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன். பரவாயில்லை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, ஒரு நிமிஷ வேலைதான், காத்திருக்கிறேன் என்றான். நல்லவன். சிடுசிடுப்பாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது எதிர்த்துப் பேசியிருப்பேன். இப்போது வாளியின் பிடியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். தண்ணீர் பிடித்து முடித்த ஹென்வுட் வீட்டுக்குப் போகாமல் தன் வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் புரிந்தது. இவர்கள் எல்லாருக்கும் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

"நாலு பேர்தான், எழுதிக்கோ தம்பி," என்றார் பின்னாலிருந்து மிஸஸ் டாலின். "அவ அம்மா மாடியில படுத்திருக்கா. இப்பக்கூட ஜன்னல்ல பார்த்துட்டுத்தான் வர்றேன். கையெழுத்து நான் போடறேன்."

திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முகம் சிவந்து வியர்த்திருந்தது. இவ்வளவு நல்லவரையா மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாக இருந்தது. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அவன் நாலு என்று எழுதினான். கையெழுத்து வாங்கிக்கொண்டு, அப்படியே உங்கள் வீட்டுக் கணக்கையும் சொல்லிவிடுங்கள் என்றான் அவரிடம்.

"ரெண்டு," என்றார் மிஸஸ் டாலின். "நானும் என் வீட்டுக்காரரும்."

வரிசையில் யாரோ இருமினார்கள்.

நான் தெருவை ஏறிட்டுப் பார்த்தேன். அவர் வீட்டு வாசலில், மிஸ்டர் டாலினின் வேன் நிற்கும் இடம் காலியாக இருந்தது. எப்போதிலிருந்து காலி என்று யோசித்தேன். அம்மா போவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், நைஜல் அந்த வேன்மேல் ஏறி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். மறுநாள் மத்தியானம் அந்த இடத்தில் பூனை படுத்திருந்தது.

சனிக்கிழமை. அதே சனிக்கிழமை.

மூன்று வாரத்தில் நான் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. தெரு பார்த்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு மூன்று என்று எழுதினால், எதிர்வீட்டுக்கு ஒன்று என்று எழுத வேண்டும்.

நான் என் வாளிகளைப் பிடித்து வண்டியில் ஏற்றினேன். மிஸஸ் டாலின் முதல் வாளியைப் பிடித்தார். இரண்டாவதைக் குழாய்க்குக் கீழே வைக்க அவருக்குக் கை வரவில்லை, அதை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றார். வரிசை காத்திருந்தது.

நான் அதை அவரிடமிருந்து வாங்கி, குழாய்க்குக் கீழே வைத்து, விளிம்புவரை நிரப்பினேன்.