ஒரு நொடி வித்தியாசம்

மச்சான் கல்யாணத்தில் காரில் போய் இறங்க ஆசைப்பட்ட முயல், பழைய கார் விற்கும் கொட்டகைக்கு வந்தது. அங்கே இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் நின்றன.

"ஐந்தே நொடியில் நூறு கிலோமீட்டர் வேகம் பிடிப்பேன்," என்றது மஞ்சள் கார்.

"நான் நாலே நொடியில் பிடிப்பேன். இந்தத் தூங்குமூஞ்சி எதுக்கு அண்ணே?" என்றது சிவப்புக் கார்.

அந்த ஒரு நொடியைப் பற்றி முயல் மூன்று மாதம் யோசித்தது. கல்யாணத்தன்று காலை சிவப்பை வாங்கி, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பியது. தரையோடு தாழ்ந்த அந்தக் கார், கொட்டகை வாசல் வேகத்தடையிலேயே வயிறு தட்டி நின்றுவிட்டது.

"நான் கொஞ்சம் உயரம், ஏறிடுவேன் அண்ணே, மாத்திக்கிறீங்களா?" என்றது மஞ்சள்.

"ஐந்து நொடியா? நாலு பேர் சிரிப்பாங்க!"

முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. சாவியை எல்லார் கண்ணிலும் படும்படி விரலில் மாட்டிக்கொண்டு, முயல் மண்டபத்துக்கு ஓடியது.