தூக்கத்தில் பேசுகிறவர்

லிஃப்ட் மெக்கானிக்கை அவர் மனைவி மூன்றாவது முறையாக டாக்டரிடம் இழுத்து வந்திருந்தாள்.

“மாத்திரையைக் கூட்டியும் தூக்கத்துல பேசுறது நிக்கலை டாக்டர். கண்ணை மூடின கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சுடுறார்.”

“என்ன பேசுறார்?”

“நேத்து, என் புதுக் கண்ணாடி முகத்துக்கு எடுப்பா இருக்குன்னார். முந்தாநாள், எங்க அண்ணனைத் திட்டினது தப்புன்னு மன்னிப்புக் கேட்டார். கல்யாணமான நாள்லேர்ந்து ‘ம்’ங்கிறதுக்கு மேல வாயைத் திறக்காத மனுஷன்! மூளையில ஏதாவது கோளாறோன்னு எனக்குப் பயமா இருக்கு.”

மெக்கானிக் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவியை வெளியே உட்காரச் சொன்ன டாக்டர், தான் எழுதிய சீட்டை மறுபடி படித்தார்.

“இவ்வளவு மாத்திரைக்கு யானையே அசையாமத் தூங்கும். உங்களால எப்படிப் பேச முடியுது? ஒழுங்காப் போடுறீங்களா?”

“இல்லை.”

“ஏன்?”

கதவு சாத்தியிருக்கிறதா என்று மெக்கானிக் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“போட்டா நிஜமாவே தூங்கிடுவேனே டாக்டர். அப்புறம் அவகிட்ட எப்படிப் பேசுறது?”