ஜவாஹிறாவின் சந்தேகங்கள்

“மிஸ், ஒரு சந்தேகம்.”

வெள்ளைப் பலகையில் இதயத்தை வரைந்துகொண்டிருந்த ரூபிகாவின் கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. அந்த வகுப்பில் சந்தேகம் என்றால் ஜவாஹிறாதான்.

“சொல்லுங்கோ.”

“வலது பக்கம் என்டு எழுதினது படத்தில இடது பக்கமா இரிக்கே?”

வகுப்பு சிரித்தது. முன்வரிசையில் ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

“படத்தில இருக்கிறவர் எங்களப் பார்த்துக்கொண்டு நிக்கிறார். அவற்ற வலது எங்களுக்கு இடது,” என்றாள் ரூபிகா, பல்லைக் கடித்துக்கொண்டு.

“வெளங்கிச்சி மிஸ்.”

ஐந்து நிமிடம் போயிருக்காது.

“மிஸ், அந்த நீல நிறத்தில போட்டிருக்கிற ரத்தம் மெய்யாவே நீலமா?”

வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடைக்கு மேல் மாடியில் நடக்கும் பராமரிப்பாளர் பயிற்சி வகுப்பு அது. உடற்கூற்றுப் பாடம் முடிந்தால்தான் பரீட்சை. பரீட்சை முடிந்தால்தான் வெளிநாடு. ஆளாளுக்கு அவசரம். ஜவாஹிறாவோ நாற்பதைத் தாண்டிய பிறகு படிக்க வந்தவள். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி எல்லாருக்கும் முதல் வந்து நடுவரிசையில் உட்கார்ந்துவிடுவாள். மற்றவர்கள் ஒரே வாயில் விழுங்குவதை அவளுக்கு மட்டும் பிசைந்து ஊட்ட வேண்டியிருந்தது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள். ஜவாஹிறா அதற்கும் சிரித்துவிட்டு அடுத்த சந்தேகத்தைக் கேட்டாள்.

கடைசியில் புகார், நிலையத்தை நடத்தும் கஜேந்திரனிடம் போனது.

“அவவை அடுத்த பட்ச்சில போடுங்கோ ரூபிகா. ஒராளுக்காக முழு வகுப்பும் பிந்தக்கூடாது.”

உண்மையைச் சொன்னால், ரூபிகாவுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அதைச் சொல்ல நேரமும் வாய்த்தது. அன்று பிரஷர் பார்க்கும் பயிற்சி. பெண்களுக்குத் திரைக்குப் பின்னால்தான் பார்ப்பது. நீளக் கை உடுப்போடு வருகிறவர்கள் அங்கேதான் கையை மடித்துவிடுவார்கள். ரூபிகா ஜவாஹிறாவைக் கடைசியாகக் கூப்பிட்டாள்.

“குறை நினைக்காதேங்கோ. உங்கள அடுத்த பட்ச்சுக்கு மாத்தச் சொல்லி சேர் சொல்லுறார். முதல்ல இருந்து ஆறுதலாப் படிக்கலாம்.”

ஜவாஹிறாவின் முகம் சுருங்கிவிட்டது.

“வேணாம் மிஸ். எனக்குப் பாடம் வெளங்குது.”

“விளங்கினா ஏன் இவ்வளவு சந்தேகம்?”

ஜவாஹிறா திரைப் பக்கம் பார்த்தாள். ரூபிகாவுக்கு எரிச்சல் வந்தது. பிரஷர் பட்டியைச் சுற்றுவதற்காக அவளுடைய இடது சட்டைக் கையைத் தோள்வரை உயர்த்தினாள். உயர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேற்கை முழுக்கக் கன்றிப்போயிருந்தது. தோலுக்குக் கீழே சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் உடைந்து கசிந்தால் முதலில் சிவக்கும். பிறகு நீலம், பிறகு பச்சை, ஆறும்போது மஞ்சள். போன கிழமை அவளே படிப்பித்த பாடம். ஜவாஹிறாவின் கையில் எல்லா நிறமும் இருந்தது. ஒரு நாளில் பட்டதல்ல, விடாமல் பட்டுக்கொண்டிருப்பது.

வீட்டில் இப்படி வாங்கிக் கட்டிக்கொள்கிற மனுஷியின் மண்டையில் பாடம் எப்படி ஏறும்? இது தெரியாமல் இவளைப் போய் வெறுத்தோமே என்று ரூபிகாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

“அக்கா.” முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டாள். “ஆர் செய்தது? உங்கட மனுசனோ? பயப்பிடாமச் சொல்லுங்கோ, நான் உதவி செய்யிறன்.”

“யா அல்லாஹ், எங்கட அவரா? கரப்பானக் கண்டா கதிரைல ஏறி நிக்கிற மனிசன் மிஸ் அவர்.”

“அப்ப ஆர்?”

ஜவாஹிறா திரையைக் கொஞ்சம் விலக்கி வகுப்பை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எனக்குப் பக்கத்தில இரிக்கிற யோகேஸ்வரி. பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துப் புள்ள. அதுக்கு ஏசிடாதீங்க மிஸ். முதல் நாள் அது எழும்பி, ‘ஈரக்கொலைங்கிறது எதுங்க மிஸ்?’ என்டு கேட்டிச்சே, ஞாபகமா? ஈரலுக்கு அப்பிடிச் சொன்ன தோட்டப் பேச்சக் கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் லேசாச் சிரிச்சீங்க.”

ரூபிகாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அதுக்குப் பொறகு புள்ள வாயே தொறக்கல்ல. ஒண்டு வெளங்காட்டி என்னைக் கிள்ளும். பயத்தில கிள்ளுறது, கொஞ்சம் பலமா விழுந்துடும். படத்தில எந்த இடம் என்டு விரலால காட்டும், நான் கையத் தூக்கிக் கேப்பன்.”

“நீங்களே அவவுக்குச் சொல்லிக் குடுத்திருக்கலாமே?”

“நான் பிழையாச் சொல்லிட்டா? நாளைக்கு ஒரு நோயாளியப் பாக்கப் போற புள்ள. நீங்க சொன்னாத்தானே சரி.”

ரூபிகா அந்தக் கையை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். தொட்ட இடமெல்லாம் வலித்திருக்க வேண்டும், ஜவாஹிறா காட்டிக்கொள்ளவில்லை.

“இவ்வளவு நோவத் தாங்கிக்கொண்டு ஏன் அக்கா அங்கயே இருந்தனீங்கள்? வேற கதிரையில போய் இருந்திருக்கலாமே.”

ஜவாஹிறா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

“நான் எழும்பிப் போனா, அது யார மிஸ் கிள்ளும்?”