நாலாவது வாக்கியம்

“எங்க வலிக்குது? சாப்பிட்டீங்களா? தூங்குனீங்களா?”

ஈப்போ மருத்துவமனைத் தாதி மெய் லிங், கூட வேலை பார்க்கும் மாதுமை சொல்லித்தந்த மூன்று தமிழ் வாக்கியங்களையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். மற்றபடி இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள்.

“நேத்து வந்த சீனப் பெரியவருக்கா? அவருக்கு எதுக்குலா தமிழ்?” என்றாள் மாதுமை.

“ரப்பர் எஸ்டேட்ல தமிழ்ப் பிள்ளைங்களோட வளர்ந்தவரு. இப்ப எல்லாம் மறந்துபோயி, அந்தத் தமிழ் மட்டும்தான் மிச்சம்.”

“நானே கேட்டுச் சொல்றேனே.”

“இல்ல, நான்தான் கேக்கணும்.”

கட்டிலருகே போய்க் கேட்டாள். “எங்க வலிக்குது?”

பெரியவர் முகம் மலர்ந்தது. “வலியெல்லாம் இல்லம்மா, பால்மரம் வெட்டப் போகணும். ஆமா, நீ யாரு வீட்டுப் பொண்ணு?”

மாதுமை அதை மலாயில் சொன்னாள்.

மெய் லிங் மறுபடியும் நோட்டைத் திறந்தாள்.

“‘நான் உங்க மக, அப்பா.’ இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது?”